இடமாறுதல் ஒரு பதில் ஆகாது: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலர், இயக்குநர்கள், மாவட்டங்களில் பணியாற்றும் முதன்மைக் கல்வி அலுவலர்கள், மாவட்டக் கல்வி அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவள் நான். பணிக்காலத்தின் பிற்பகுதியில் துறை நியமித்த விசாரணை அலுவலராக இருந்து, ஆசிரியர்கள் மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்திருக்கிறேன். புகார் கொடுத்த தாய்மார்களின் வாக்குமூலத்தையும், புகாருக்கு ஆளான ஆசிரியர்களின் வாக்குமூலத்தையும் என் கையாலேயே எழுதி வாங்கியவள் என்ற முறையில் உங்களுக்கு எழுதுகிறேன். சொல்ல வந்தது இதுதான்: ஓர் ஆசிரியர் மீது புகார் வந்தால், நம் துறை அதை விசாரித்து முடிப்பதைவிட ஆளை மாற்றி முடிப்பதே அதிகம். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பெற்றோரும் படிக்கும் மடல் என்பதால் சொல்கிறேன். பிள்ளை வீட்டில் போய் ஏதோ சொல்கிறது. மறுநாள் காலை அம்மாவும் மாமாவும் பள்ளிக்கு வந்து சத்தம் போடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், ஊர்ப் பெரியவர்கள், சில சமயம் கட்சிக்காரர்கள் என்று தலைமையாசிரியர் அறையில் கூட்டம் கூடிவிடுகிறது. பள்ளியைப் பூட்டுவோம், சாலையில் உட்காருவோம் என்ற பேச்சு வந்ததும் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போன் போகிறது. மாலைக்குள் அந்த ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுகிறார். கொஞ்ச நாளில் ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என்று மாறுதல் ஆணையும் வந்துவிடுகிறது. கூட்டம் கலைந்துவிட்டது, பத்திரிகையில் செய்தி வரவில்லை, கோப்பைக் கட்டிவிடலாம்.

அவர் அந்தப் பிள்ளையை அடித்தாரா? சாதியைச் சொல்லித் திட்டினாரா? தொடக்கூடாத விதத்தில் தொட்டாரா? இல்லை, ஒன்றுமே நடக்கவில்லையா? கோப்பில் இதற்குப் பதில் இருக்காது.

தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 8ஆவது விதி, என்னென்ன தண்டனைகள் கொடுக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. கண்டனம், ஊதிய உயர்வையோ பதவி உயர்வையோ நிறுத்தி வைப்பது, சம்பளத்தில் பிடித்தம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணியிலிருந்து நீக்கம், நிரந்தரமாகத் துரத்துதல் என்று அது நீளும். அந்தப் பட்டியலில் இடமாறுதல் கிடையாது. தண்டனைக்குப் பதிலாக இடமாறுதல் போடுவது சட்டவிரோதம் என்று சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த வழக்கே ஒரு மொட்டைக் கடிதத்தில் தொடங்கியதுதான். ஆக, தவறு செய்தவருக்கு இடமாறுதல் தண்டனை ஆகாது. தவறு செய்யாதவருக்கோ, விசாரணையே இல்லாமல் கிடைக்கும் தண்டனையாக அது ஆகிவிடுகிறது.

இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் அதற்கு முன்பும் இதே மாதிரிக் காரணத்துக்காக ஒரு பள்ளியிலிருந்து மாற்றப்பட்டவர். அவருடைய பணிப்பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் சாட்சி சொல்ல வந்தபோதுதான் விஷயமே வெளியில் வந்தது. புதிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் அந்த ஆசிரியரையே மாணவிகளின் விளையாட்டுப் போட்டிக்குப் பொறுப்பாளராகப் போட்டு வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார். தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பாரா?

இன்னொருவர் கணித ஆசிரியர். தேர்வில் பார்த்து எழுதிய மாணவர்களைப் பிடித்தார். அதற்கு அடுத்த வாரமே அவர் மீது மனு வந்தது, வீட்டிலிருந்து வெகு தொலைவிலுள்ள பள்ளிக்கு மாறுதலும் வந்தது. என்னை முறைப்படி விசாரியுங்கள் என்று அவரே எழுதிக் கேட்டார். உங்கள் மீது விசாரணை எதுவும் நிலுவையில் இல்லை என்று பதில் வந்தது. புதிய ஊரில் அவரைப் பார்த்தவர்கள், ‘ஏதோ பிரச்சினையாகி வந்தவராம்’ என்றார்கள். அந்த ‘ஏதோ’வைத் துடைக்க அவருக்கு வழியே இல்லாமல் போனது. பணியில் இருந்த கடைசி நாள்வரை அவர் ஒரு பிள்ளையைக்கூட உரக்கக் கண்டிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

மாற்றி அனுப்பும் இடங்களையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலைக் கிராமம், பேருந்து ஒருநாளைக்கு ஒருமுறை வரும் ஊர், ஈராசிரியர் பள்ளி. ஆசிரியர் பற்றாக்குறை அங்கேதான் இருக்கிறது, அதனால் காலியிடமும் அங்கேதான். பெரிய ஊரில் கூட்டம் கூட்டத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளிடமிருந்து பிரித்தெடுத்து, மனு எழுதத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகளிடம் கொண்டுபோய் விடுகிறோம். இது எந்தக் குறிப்பிட்ட அதிகாரியின் கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. காலியிடப் பட்டியலைப் பார்த்து ஆணை போடும்போது தானாகவே நடந்துவிடுகிறது. ஆனால் அதன் விளைவு அந்தக் குழந்தைகள் மீதுதான் விழுகிறது.

சரி, புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும்? முதலில் அது எந்த வகைப் புகார் என்று வாசலிலேயே பிரிக்க வேண்டும். நம்மிடம் பெரும்பாலும் அது தலைகீழாக நடக்கிறது. சின்ன விஷயத்துக்கு மெமோ, பெரிய விஷயத்துக்குப் பஞ்சாயத்து.

பாலியல் தொடர்பான புகார் என்றால் பள்ளிக்குள் விசாரணை என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, தெரிந்தவர் எவராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. ‘முதலில் உண்மையா என்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம்’ என்று தலைமையாசிரியருக்குச் சட்டம் எந்த அவகாசமும் தரவில்லை. கல்வி நிறுவனத்தில் பணியாற்றுபவரே குற்றம் செய்தால் அதைக் கடுமையான குற்றமாகவே அந்தச் சட்டம் பார்க்கிறது.

ஆனால் நடைமுறையில் அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் பேச வேண்டியிருக்கிறது? வகுப்பாசிரியை கேட்கிறார். தலைமையாசிரியர் கேட்கிறார். மேலாண்மைக் குழுவில் இரண்டு பேர் கேட்கிறார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் ஜீப்பில் வந்து கேட்கிறார். மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்து, எழுதித் தரச் சொல்கிறார். இத்தனைக்கும் பிறகுதான் காவல் நிலையம். ஒவ்வொரு முறையும் சொல்லும்போது வார்த்தை கொஞ்சம் மாறும், பெரியவர்களுக்கே மாறும். பின்னால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் காகிதங்களை எடுத்துவைத்து, ‘நீ அங்கே இப்படிச் சொன்னாய், இங்கே அப்படிச் சொல்கிறாய்’ என்று கேட்பார். பிள்ளையின் வாக்குமூலத்தை அது விரும்பும் இடத்தில், முடிந்தவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் அவ்வளவு கவனமாக எழுதி வைத்திருக்கிறது. அதற்கு முன்பே நாம் எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளையை அலைக்கழித்து முடித்துவிடுகிறோம். தயவுசெய்து இதை ஒரு சுற்றறிக்கையாகவே போடுங்கள்: புகாரை முதலில் கேட்டவர், கேட்டதை அப்படியே எழுதி, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் காவல் துறைக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அந்தப் பிள்ளையிடம் போகக்கூடாது.

‘பெற்றோரே வழக்கு வேண்டாம் என்கிறார்கள், பொண்ணு வாழ்க்கை கெட்டுப்போகும் என்கிறார்கள்’ என்று சொல்லும் தலைமையாசிரியர்கள் உண்டு. பெற்றோரின் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ராஜஸ்தானில் இதே போல ஒரு மாணவியின் தந்தையும் ஆசிரியரும் சமரசம் செய்துகொண்டார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்று வழக்கையே ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு, இது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான தனிப்பட்ட விவகாரம் இல்லை என்று வழக்கைத் தொடரச் சொன்னது. உயர் நீதிமன்றமே ஏற்கக்கூடாத சமரசத்தை நம் தலைமையாசிரியர் அறையில் எப்படி ஏற்பது?

காவல் துறையிடம் போய்விட்டது என்பதால் துறையின் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. ‘வழக்கு முடியட்டும்’ என்று பல கோப்புகள் தூங்குகின்றன. குற்ற வழக்கும் துறை விசாரணையும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் பால் அந்தோணி வழக்கில் 1999லேயே தெளிவாகிவிட்டது. நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், துறை விசாரணையில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். மாணவியைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்த வேண்டாம் என்ற நோக்கத்தில், முழு விசாரணை இல்லாமல் எடுத்த நடவடிக்கையையும் நவோதயா பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நம் அரசே 2012இல் அரசாணை 121 வழியாக, இத்தகைய குற்றம் நிரூபிக்கப்பட்டால் பணிநீக்கம் போன்ற கடும் தண்டனையோடு கல்விச் சான்றிதழையும் ரத்து செய்யலாம் என்று வைத்திருக்கிறது. ஆணை கையில் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த வகை: அடிப்பது, முட்டி போடவைப்பது, சாதியைச் சொல்வது, வகுப்புக்கே வராமல் இருப்பது, காசு வசூலிப்பது, தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே டியூஷன் எடுப்பது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது, 28ஆவது பிரிவு தனி டியூஷனைத் தடுக்கிறது. அடிக்கக்கூடாது என்று தமிழ்நாடு கல்வி விதிகளை 2003லேயே திருத்தியாயிற்று. இவற்றில் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப, முன்பு சொன்ன ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கான 17(அ)வோ பெருந்தண்டனைக்கான 17(ஆ)வோ போட்டு விசாரிக்க வேண்டும். சாதி தொடர்பான புகாரை மட்டும் ‘வாய் தவறி வந்த வார்த்தை’ என்று எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் லேசாக எடுத்துக்கொண்டோம் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைக்க வேண்டிய நிலைக்கு நாம் வந்துவிட்டோம். வகுப்பறையில் ஆசிரியர் வாயிலிருந்து வரும் சாதிப் பெயர் பிள்ளைகளின் காதில் அனுமதியாக விழுகிறது.

மூன்றாவது வகை இருக்கிறது. மதிப்பெண் குறைத்துப் போட்டார், என் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்தார், எல்லோர் முன்னாலும் ஏளனமாகப் பேசினார் என்பவை. இங்கேதான் உட்கார்ந்து பேசுவது பலன் தரும். ஆசிரியரும் பெற்றோரும் எதிரெதிரே அமர்ந்து அரைமணி நேரம் பேசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தான் சொன்னது பிள்ளையை இவ்வளவு தைத்ததா என்று கண்கலங்கிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பேசியதை இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். இதற்கு மாவட்டம் வரை போய் மெமோ வாங்கித் தருவது யாருக்கும் நல்லதில்லை.

இப்போது ஆசிரியர் பக்கம். புகார் வந்த உடனே பணியிடை நீக்கம். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அது தேவைப்படும் நேரங்கள் உண்டு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரவே மாதக்கணக்கில் ஆகிறது. பிழைப்பூதியமாகப் பாதிச் சம்பளத்தில் வீட்டுக்கடனும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் ஓட வேண்டும். மூன்று மாதத்துக்குள் குறிப்பாணை தராமல் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக்கூடாது என்று அஜய் குமார் சௌத்ரி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு பிரேம்நாத் பாலி வழக்கில், துறை விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டாலும் ஓராண்டைத் தாண்டக்கூடாது என்றது. நம் மாவட்ட அலுவலகங்களில் ‘அ’ பிரிவு, ‘ஆ’ பிரிவு என்று மேசை மேசையாக நகரும் கோப்புகளை எடுத்து, இந்த இரண்டு கால அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குறிப்பாணையின் வாசகமும் பல நேரம் உருப்படியாக இருப்பதில்லை. ‘ஆசிரியர் பணிக்கு ஒவ்வாத வகையில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்’ என்று மட்டும் இருக்கும். எந்தத் தேதி, எந்த வகுப்பு, யாரிடம், என்ன செய்தார்? இவை இல்லாத குறிப்பாணைக்குக் குற்றமற்றவரால் பதில் சொல்ல முடியாது. குற்றம் செய்தவரோ அதையே காட்டி நீதிமன்றத்தில் வெளியே வந்துவிடுவார். நான் விசாரணை அலுவலராக இருந்தபோது எனக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை. பழைய விசாரணை அறிக்கை ஒன்றின் நகலைக் கொடுத்து, இதைப் பார்த்து எழுதுங்கள் என்றார்கள். சாட்சியை எப்படிக் கேட்பது, எந்த ஆவணத்தை ஏற்பது என்று ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரே விசாரணை அலுவலர், நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தவரே அவருக்கும் மேலதிகாரி என்றால், அந்த அறிக்கையை ஆசிரியரும் நம்ப மாட்டார், பெற்றோரும் நம்ப மாட்டார்கள். மாவட்டத்துக்கு ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அடுத்த மாவட்டத்தின் வழக்குகளை அவர்களிடம் ஒப்படையுங்கள். ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர்களையும் அழைக்கலாம்.

2021இல் சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் பாலியல் புகாரில் கைதாகி, முன்னாள் மாணவிகள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கிய பிறகு புகார் சொல்ல நிறைய வாசல்கள் திறந்தன. பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, ‘மாணவர் மனசு’ பெட்டி, முன்பே இருந்த குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417. எல்லாம் நல்லதுதான். ஆனால் உள்ளே போன காகிதம் எங்கே போகிறது என்று போட்டவருக்குத் தெரிவதில்லை. ஓர் அம்மா திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுக் கொடுக்கிறார். அது முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போய், அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போய், ‘தக்க நடவடிக்கைக்காக’ என்ற மேற்குறிப்போடு எந்தப் பள்ளி மீது புகாரோ அதே பள்ளியின் தலைமையாசிரியர் மேசைக்கே வந்து சேருகிறது. யார் மனுக் கொடுத்தது என்பதும் அதோடு வந்துவிடும். கடைசியில் அந்த அம்மாவின் கைபேசிக்கு ‘மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று ஒரு செய்தி வரும். என்ன நடவடிக்கை?

கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு இதற்குத் தெளிவான வழி சொல்கிறது. குழந்தையின் உரிமை தொடர்பாக எழுத்துமூலம் வரும் புகாரை, இரு தரப்பையும் கேட்டு, மூன்று மாதத்துக்குள் உள்ளாட்சி அமைப்பு முடிவு செய்ய வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். இது எத்தனை பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது?

தனியார் பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே மாறுதல்கூடக் கிடையாது. ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பள்ளிப் பெயர் கெட வேண்டாம்’ என்று நிர்வாகம் சொல்லும். ‘நன்னடத்தை’ என்ற சொல்லோடு பணிச் சான்றும் கொடுத்தனுப்பும். ஜூன் மாதம் அவர் அடுத்த ஊரில் வேறொரு பள்ளியில் இருப்பார். மருத்துவரின் பெயர் மருத்துவ மன்றப் பதிவேட்டில் இருக்கிறது, வழக்கறிஞரின் பெயர் பார் கவுன்சிலில் இருக்கிறது, தவறு செய்தால் அங்கிருந்து எடுக்க முடியும். ஆசிரியருக்கு அப்படி ஒரு பதிவேடு இங்கே இல்லை. இங்கிலாந்தில் ஆசிரியர் பணி செய்யத் தடை விதிக்கப்பட்டவர்களின் முடிவுகளை அரசே காரணத்தோடு வெளியிடுகிறது. எந்தப் பள்ளியும் வேலைக்கு எடுக்கும் முன் பார்க்கலாம். அந்த அளவுக்கு உடனே போக முடியாவிட்டாலும், விசாரணை நிலுவையில் இருக்கும்போது ராஜினாமா கொடுத்தவர்களின் விவரத்தைத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையாவது கொண்டுவாருங்கள்.

ஆசிரியர் சங்க நண்பர்களும் இதைப் படிப்பீர்கள். விசாரணை என்றாலே எதிர்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். விசாரணை இல்லாத இடமாறுதலால் அதிகம் பாதிக்கப்படுபவர் உங்கள் உறுப்பினர்தான். கால வரம்போடு, தெளிவான குற்றச்சாட்டோடு, பயிற்சி பெற்ற அலுவலர் முன்னால் விசாரணை வேண்டும் என்று நீங்கள் கேட்டால், துறையால் தட்டிக்கழிக்க முடியாது.

துறைக்கு என் கோரிக்கை இரண்டு. புகார் நிலுவையில் உள்ள எந்த ஆசிரியருக்கும் நிர்வாக மாறுதல் ஆணை போட்டால், அதே ஆணையில் விசாரணை அலுவலர் யார், எந்தத் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். முடிந்ததும் புகார் கொடுத்தவருக்கும் ஆசிரியருக்கும், நிரூபணம் ஆனதா இல்லையா, என்ன தண்டனை என்று காரணத்தோடு கடிதம் அனுப்புங்கள். அடுத்து, மூன்று மாதத்துக்கு மேல் குறிப்பாணை இல்லாத பணியிடை நீக்கங்கள் எத்தனை, ஓராண்டைத் தாண்டிய 17(ஆ) கோப்புகள் எத்தனை, புகாருக்குப் பின் விசாரணை இல்லாமல் போட்ட மாறுதல்கள் எத்தனை என்று, யார் பெயரும் இல்லாமல், மாவட்ட வாரியாக எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள். கோப்புகள் எல்லாம் உங்கள் அலுவலகங்களில்தான் இருக்கின்றன. அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வுக்கு முன் இதைச் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர்